முழங்கால் தேய்மானம்: பயிற்சியா, ஊசியா, ஆபரேஷனா?

எக்ஸ்ரேயில் இரண்டாம் நிலை, மூன்றாம் நிலைத் தேய்மானம் என்று வந்துவிட்டால் போதும், அடுத்த வாரத்துக்குள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பிசியோதெரபிக்குப் போ என்பார் ஒருவர். ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டால் கவலையில்லை என்பார் இன்னொருவர். அப்புறம் ஜெல் ஊசி, சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பிஆர்பி, குளுக்கோசமின் மாத்திரை, ஸ்டெம் செல், கடைசியில் மூட்டு மாற்று ஆபரேஷன் என்று வரிசை நீளும். செலவும் சில நூறு ரூபாயில் தொடங்கி லட்சங்களில் போய் நிற்கும்.

வலி குறைகிறதா இல்லையா என்பதை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிட்டால் முடிவுக்கு வருவது கஷ்டம். எதைச் செய்தாலும் கொஞ்ச நாளைக்கு வலி குறையத்தான் செய்கிறது. வெறும் உப்புநீர் ஊசியிலும் குறைகிறது. அதனால் நான் வேறொரு கேள்வியை முன்னால் வைப்பேன்: இந்தச் சிகிச்சை மூட்டுக்குள் யாரிடம் பேசுகிறது? வலி நரம்பிடமா, மூட்டின் உள்ளுறைச் சவ்விடமா, குருத்தெலும்புக்குள் இருக்கும் செல்லிடமா? அந்தப் பேச்சு எவ்வளவு நாள் நிற்கும், பக்கத்தில் யாருக்காவது தொந்தரவு தருமா?

குருத்தெலும்பில் செல்கள் மிகக் குறைவு. கன அளவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் தேறும். மீதியெல்லாம் அந்தச் செல்கள் தம்மைச் சுற்றிக் கட்டி வைத்தவை. பெரும்பகுதி தண்ணீர். அதோடு இரண்டாம் வகைக் கொலாஜன் இழைகள், இழைகளுக்கிடையே அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு. அக்ரிகனின் எதிர்மின்னூட்டம் தண்ணீரை உள்ளே இழுத்து வைக்கும். அது உப்பிப் போகாமல் கொலாஜன் வலை இறுக்கிப் பிடிக்கும். இந்த இழுபறியில்தான் முழங்கால் நம் எடையைத் தாங்குகிறது. ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ஆகவே குருத்தெலும்பு கரைவது அதற்கே வலிக்காது. நமக்கு வலிப்பது பெரும்பாலும் சவ்விலிருந்தும் அடியிலுள்ள எலும்பிலிருந்தும் வருவது. எக்ஸ்ரே மோசமாக இருந்தும் ஒருவர் மலை ஏறுவதும், எக்ஸ்ரே சுமாராக இருந்தும் இன்னொருவர் படி இறங்கத் திணறுவதும் இதனால்தான்.

செருப்பு தேய்வதுபோல மூட்டும் உராய்ந்து தேய்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். டாக்டர்களும் அவசரத்தில் அப்படித்தான் விளக்குகிறார்கள். உண்மையில் உராய்வைவிட அதிகமாக வேலை செய்வது நொதிகள். அவற்றைச் சுரப்பதும் அதே குருத்தெலும்புச் செல்தான். ஐஎல்-1, டிஎன்எஃப் போன்ற அழற்சிச் சமிக்ஞைகள் செல்லைத் தொட்டால், உள்ளே என்எஃப்-கப்பா-பி என்ற பாதை விழித்துக்கொள்ளும். அடாம்டிஎஸ்-5 நொதி அக்ரிகனை வெட்டும், எம்எம்பி-13 கொலாஜனை வெட்டும். வெட்டுப்பட்ட துண்டுகளே மறுபடி அழற்சியைத் தூண்டும். எலிகளில் அடாம்டிஎஸ்-5 மரபணுவை முடக்கினால் குருத்தெலும்பு சிதைவது குறைகிறது என்று 2005இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் காட்டின. மறுபக்கம், கட்டும் வேலைக்கு ஐஜிஎஃப்-1, பிஎம்பி, டிஜிஎஃப்-பீட்டா ஆகிய சமிக்ஞைகள் இருக்கின்றன.

இதில் டிஜிஎஃப்-பீட்டாவைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும், பின்னால் ஊசிகளைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும். ஆரோக்கியமான குருத்தெலும்பில் அது, செல்லின் மேல் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் ஒரு ஏற்பியின் வழியாகப் போய் செல்லை நிதானமாக வைத்திருக்கிறது. வயதாக ஆக இன்னொரு ஏற்பியின் பங்கு கூடுகிறது. அந்த வழியில் போனால் அதே டிஜிஎஃப்-பீட்டா செல்லை உப்ப வைத்து, எம்எம்பி-13 சுரக்கும் நிலைக்குத் தள்ளுகிறது. சவ்வில் பட்டால் அங்கே தழும்புத் திசு தடிக்கிறது, எலும்பு ஓரத்தில் பட்டால் முள் வளர்கிறது. நல்ல மூலக்கூறு, கெட்ட மூலக்கூறு என்று பிரிக்க முடியாது. எந்தச் செல், எந்த வயது, எவ்வளவு அளவு என்பதைப் பொறுத்தது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை ஏற்றிவிட்டன. அதை அடையாளமாக வைத்து முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜனுக்கு வயது கணக்கிட்ட ஆய்வு 2016இல் வந்தது. வளர்ச்சி முடிந்த பிறகு அந்தக் கொலாஜன் கிட்டத்தட்டப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. அக்ரிகன் புதிதாக வரும், கொலாஜன் வலை போனால் போனதுதான். 'குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும்' என்று விளம்பரம் செய்யும் எதையும் இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

பயிற்சி செல்லிடம் என்ன சொல்கிறது?

நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கையை ஊன்றாமல் மெல்ல எழுந்திருங்கள். தொடைத் தசை இறுகும்போது முழங்கால் குருத்தெலும்பு ஒரு கணம் அமுங்குகிறது. உள்ளிருக்கும் தண்ணீர் ஓரங்களுக்கு நகர்கிறது, செல்லைச் சுற்றி மின்னூட்டமும் உப்பின் செறிவும் மாறுகின்றன. செல்லின் மேலுறையில் இருக்கும் டிஆர்பிவி-4 வாயில் இந்த மாற்றத்தை உணர்ந்து கால்சியத்தை உள்ளே விடுகிறது. செல்லை ஒட்டிய மெல்லிய உறையில் ஒட்டிக்கொண்டிருந்த எஃப்ஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணி விடுபடுகிறது, உறங்கும் நிலையில் இருந்த டிஜிஎஃப்-பீட்டாவில் கொஞ்சம் விழிக்கிறது. மறுபடி உட்காரும்போது தண்ணீர் திரும்ப ஊறி வருகிறது, கூடவே சத்தும் வருகிறது. ரத்தக் குழாய் இல்லாத இடத்துக்கு இப்படி அமுக்கி விடுவதுதான் போக்குவரத்து.

அளவு மீறினால் கதை வேறு. பலமான அடியில் பியெசோ என்ற வேறு வாயில்கள் திறந்து கால்சியம் வெள்ளமாகப் புகுந்து செல் சாகலாம். அசையாமல் ஒரே அழுத்தத்தில் வைத்தாலும் அக்ரிகன் தயாரிப்பு குறைகிறது. விட்டுவிட்டு, நடைவேகத்தில் அமுக்கினால் கூடுகிறது. மனிதர்களிலும் ஆதாரம் இருக்கிறது. சுவீடனில் மெனிஸ்கஸ் என்ற முழங்கால் ஜவ்வில் ஆபரேஷன் செய்துகொண்ட 45 பேரை வைத்து 2005இல் வெளியான சோதனையில், நான்கு மாதம் மேற்பார்வையோடு பயிற்சி செய்தவர்களின் முழங்காலில் அக்ரிகனின் சர்க்கரைச் சங்கிலிகள் கூடியிருந்தது ஸ்கேனில் தெரிந்தது. எதிர்த்திசையில், தண்டுவடம் அடிபட்டுக் கால் அசைக்க முடியாதவர்களுக்கு முழங்கால் குருத்தெலும்பு மாதத்துக்கு மாதம் மெலிகிறது. ஓடினால் மூட்டு போய்விடும் என்ற பயத்துக்கும் பதில் உண்டு: பல ஆய்வுகளைத் தொகுத்த 2017 கட்டுரையில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் இடுப்பு, முழங்கால் தேய்மானம் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2, போட்டிக்காக ஓடுபவர்களில் 13.3. ஓடுபவர்கள் ஏற்கெனவே நல்ல மூட்டுக்காரர்களாக இருந்திருக்கலாம், அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பயிற்சியின் குறை என்ன? போன கொலாஜனை அது கொண்டுவராது. வலி குறைவது நடுத்தர அளவுதான், அதுவும் ஆறேழு வாரம் பொறுத்தால். முதல் இரண்டு வாரம் சிலருக்கு வலி கூடும், அந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பயிற்சிக்குப் பிந்தைய வலி மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். அடங்கவில்லை, வீக்கமும் வந்தது என்றால் அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டியதில்லை. பிசியோதெரபி என்ற பெயரில் சூடு வைத்து, கரண்ட் வைத்து, பத்து நாளில் அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. அங்கே செல்லுக்கு எந்தச் சேதியும் போவதில்லை. தொடைத் தசை உழைக்காத எதையும் நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எடையைக் குறைப்பது பயிற்சியோடு சேர்ந்தே வருகிறது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ மிச்சம் என்பது பழைய கணக்கு, சரியான கணக்கும்கூட. ஆனால் சுமை மட்டுமே காரணம் என்றால் குண்டானவர்களுக்குக் கைவிரல் மூட்டிலும் தேய்மானம் கூடுதலாக வருவதை எப்படி விளக்குவது? விரலில் யாரும் நடப்பதில்லையே. கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனையும் ஐஎல்-6 என்ற அழற்சிச் சமிக்ஞையையும் ரத்தத்தில் விடுகிறது. குருத்தெலும்புச் செல்லில் லெப்டினுக்கு ஏற்பி இருக்கிறது. அமெரிக்காவில் 454 பேரை 18 மாதம் பின்தொடர்ந்து 2013இல் வெளியான சோதனையில், உணவுக் கட்டுப்பாடும் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்கள் சராசரியாகப் பத்து கிலோவுக்கு மேல் குறைந்தார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட வலியும் குறைவு, ரத்தத்தில் ஐஎல்-6ம் குறைவு.

எடையைக் குறைக்கும் செமாகுளுடைட் ஊசியும் இந்த வழியில்தான் வருகிறது. 2024இல் வந்த 407 பேர் சோதனையில் 68 வாரத்தில் எடை 13.7 சதவீதம் குறைந்தது. நூறு புள்ளி வலி அளவில் மருந்து போட்டவர்களுக்கு 41.7 புள்ளி இறங்கியது, போலி ஊசிக்காரர்களுக்கு 27.5. முழங்கால் வலிக்கு இவ்வளவு பெரிய வித்தியாசம் காட்டிய மருந்துகள் மிகச் சில. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ முப்பதைத் தாண்டி, பயிற்சி செய்யவே முடியாத வலி என்றால் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கத் தகுந்தது. செலவு அதிகம், நிறுத்தினால் எடை திரும்பும்.

ஸ்டீராய்டு ஊசி

பால்போல் வெளுத்த திரவம். டிரையாம்சினலோன் 40 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. வீங்கிய மூட்டிலிருந்து முதலில் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு அதே ஊசித்துளை வழியாக இதைச் செலுத்துவார்கள். சவ்வின் அழற்சிப் பாதையை இது ஒரே அடியாக அமர்த்திவிடும். இரண்டு மூன்று நாளில் ஆள் மாடிப்படி ஏறுவார். இதன் கவர்ச்சியே அதுதான், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த அமைதி பொதுவாக சில வாரங்கள், மிஞ்சினால் மூன்று மாதம். தவிர, ஸ்டீராய்டு சவ்விடம் மட்டும் பேசிவிட்டு நிற்பதில்லை. குருத்தெலும்புச் செல்லிலும் புரதத் தயாரிப்பை அது குறைக்கும். 2017இல் 140 பேர் சோதனை ஒன்று வெளியானது. இரண்டு வருடம், பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு 0.21 மில்லிமீட்டர் மெலிந்தது, உப்புநீர் போட்டவர்களுக்கு 0.10. வலியில் இருவருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. 2020இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டீராய்டு ஊசி, மறு பாதிக்கு பிசியோதெரபி கொடுத்தார்கள். 240க்குக் கணக்கிடும் வலி, முடக்க அளவுகோலில் இரு தரப்பும் ஏறக்குறைய 108இல் தொடங்கினார்கள். ஒரு வருடம் கழித்து ஊசிக்காரர்கள் 55.8, பிசியோதெரபிக்காரர்கள் 37. குறைந்த எண்தான் நல்லது.

அப்படியானால் ஊசியே வேண்டாமா? மூட்டு திடீரென்று வீங்கி, ராத்திரி தூக்கம் போய், பயிற்சியைத் தொடங்கவே முடியாத நிலையில் ஒரு ஊசி நியாயமானது. கிடைத்த ஆறு வாரத்தைத் தொடைத் தசையில் செலவழிக்க வேண்டும். வருடத்துக்கு நான்கு என்று வாடிக்கையாக்கிக்கொள்வதைத்தான் நான் எதிர்க்கிறேன். சர்க்கரை நோயாளிகள் ஒன்றைக் கேட்டுவிட்டே போட வேண்டும்: ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும்.

பிஆர்பி, ஸ்டெம் செல், ஜெல்

பிஆர்பி பார்க்க நன்றாக இருக்கும். உங்கள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, சுழலும் கருவியில் வைத்து, மேலே தேங்கும் வைக்கோல் நிறத் திரவத்தை முழங்காலில் செலுத்துவார்கள். தட்டணுக்களில் வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன என்பது உண்மை. டிஜிஎஃப்-பீட்டா, பிடிஜிஎஃப், விஇஜிஎஃப் எல்லாம் இருக்கின்றன. இயல்பான குருத்தெலும்பில் ரத்தக் குழாயே கூடாது; விஇஜிஎஃப்போ ரத்தக் குழாயை வளர்ப்பது. டிஜிஎஃப்-பீட்டாவின் இரட்டை வேஷத்தை மேலே பார்த்தோம். எந்த அளவு, எந்த விகிதம் என்று தெரியாமல் எல்லாச் சமிக்ஞைகளையும் ஒரே நேரத்தில் ஒரு வயதான மூட்டுக்குள் கொட்டுகிறோம். ஆஸ்திரேலியாவில் 288 பேருக்கு வாரம் ஒன்றாக மூன்று பிஆர்பி ஊசி அல்லது மூன்று உப்புநீர் ஊசி போட்டுப் பார்த்தார்கள்; முடிவு 2021இல் வந்தது. ஒரு வருடத்தில் வலி பத்துக்கு 2.1 குறைந்தது, உப்புநீரில் 1.8. குருத்தெலும்பின் கன அளவிலும் வித்தியாசமில்லை. நல்ல முடிவு காட்டிய சிறு சோதனைகளும் இருக்கின்றன. ஆனாலும் என் கைக்காசு என்றால் இதற்குப் போகாது.

ஸ்டெம் செல் போன்ற செல் ஊசிகள் விஷயத்தில் தென்கொரியாவின் இன்வோசா என்ற ஊசியின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. டிஜிஎஃப்-பீட்டா-1 சுரக்கும்படி மரபணு மாற்றிய குருத்தெலும்புச் செல்கள் என்று சொல்லி 2017இல் அனுமதி வாங்கினார்கள். 2019இல் பரிசோதித்தபோது அவை குருத்தெலும்புச் செல்களே இல்லை, மனிதச் சிறுநீரகக் கருச்செல் வழி வந்தவை என்று தெரிந்தது. அனுமதி ரத்தானது. ஊசிக்குள் என்ன இருக்கிறது என்பதையே அரசும் நோயாளிகளும் இரண்டு வருடம் தெரியாமல் இருந்தார்கள். சரி, அது ஒரு நிறுவனத்தின் கோளாறு என்று ஒதுக்கினாலும், 475 பேரில் மூன்று வகைச் செல் ஊசிகளை ஸ்டீராய்டோடு ஒப்பிட்ட 2023 அமெரிக்கச் சோதனையில் எந்தச் செல்லும் ஒரு வருடத்தில் ஸ்டீராய்டைத் தாண்டவில்லை.

ஜெல் ஊசி என்பது மூட்டு நீரில் இயல்பாகவே இருக்கும் வழவழப்புப் பொருளான ஹயலூரானிக் அமிலம். பல்லாயிரம் பேரின் முடிவுகளைத் தொகுத்த 2022 ஆய்வு, பலன் இருக்கிறது, ஆனால் நோயாளி உணரும் அளவுக்கு இல்லை என்று முடித்தது. குளுக்கோசமினுக்கு 2006இல் 1,583 பேர் சோதனை நடந்தது. மாத்திரையில் 64 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது, வெறும் மாவு மாத்திரையில் 60. பிரிட்டனின் 2022 மருத்துவ வழிகாட்டி இரண்டையுமே கொடுக்க வேண்டாம் என்கிறது. இதற்கு மேல் இவற்றில் நேரம் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை.

வரப்போகும் மருந்துக்காகக் காத்திருக்கலாமா?

சமிக்ஞைப் பாதைகள் இவ்வளவு தெரிந்த பிறகும் குருத்தெலும்பைக் காக்கும் மருந்து ஒன்றுகூடச் சந்தைக்கு வரவில்லை. ஐஎல்-1ஐ மறித்துப் பார்த்தார்கள், வலி பெரிதாகக் குறையவில்லை. அடாம்டிஎஸ்-5ஐ மறிக்கும் மாத்திரை எலியில் வேலை செய்தது, தொள்ளாயிரம் பேருக்கு மேல் கொடுத்துப் பார்த்ததில் தோற்றது. வலி நரம்பை வளர்க்கும் என்ஜிஎஃப்பை மறித்த டேனெசுமாப் வலியை நன்றாகவே குறைத்தது. ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2021இல் 19க்கு 1 என்ற கணக்கில் அதற்கு எதிராக வாக்களித்தது. வலி குறைந்ததும் எச்சரிக்கையில்லாமல் மூட்டை உபயோகித்தார்களா, அல்லது அந்தச் சமிக்ஞைக்கே மூட்டைக் காக்கும் பங்கு ஒன்று இருந்ததா என்பது சுவாரசியமான கேள்வி. ஸ்ப்ரிஃபெர்மின் என்பது ஊசியாகப் போடும் எஃப்ஜிஎஃப்-18 என்ற வளர்ச்சிக் காரணி. 549 பேர் சோதனையில் அதிக அளவு போட்டவர்களுக்கு இரண்டு வருடத்தில் போலி ஊசியைவிட 0.05 மில்லிமீட்டர் குருத்தெலும்பு கூடுதலாக இருந்தது. வலியில் வித்தியாசம் இல்லை. குருத்தெலும்பு தடித்தால் வலி போகும் என்ற கணக்கே நேரானதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. இப்போது ஐம்பது வயதில் இருப்பவர் இவற்றுக்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

வலி மருந்தில் ஒரே ஒரு சொல்: டைக்ளோஃபெனாக் ஜெல்லை வெளியே தடவுவதில் தொடங்குங்கள். முழங்கால் தோலுக்கு அருகில் இருக்கும் மூட்டு, மருந்து உள்ளே போய்ச் சேரும். அதே மருந்தை மாத்திரையாக மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் ரத்த அழுத்தமும் கணக்குக் கேட்கும்.

எனக்குத் தெரிந்த வரிசை இப்படி அமையும். நாற்பத்தெட்டு வயது, எடை கூடுதல், இரண்டாம் நிலை: பயிற்சியும் எடையும், தேவைப்படும்போது ஜெல் தடவல், ஊசி எதுவும் வேண்டாம். அறுபது வயது, சர்க்கரை உண்டு, மூட்டு வீங்கியிருக்கிறது: ஒரு ஸ்டீராய்டு ஊசி, உடனே பயிற்சி. எழுபது வயது, கடைசிக் கட்டமான நான்காம் நிலை, கால் வளைந்துவிட்டது, ராத்திரியிலும் வலி: அங்கே பேசுவதற்குச் செல்லே அதிகம் மிச்சமில்லை. இன்னும் மூன்று வருடம் ஊசிகளில் ஓட்டுவதைவிட மூட்டு மாற்று ஆபரேஷன் மேல். முழு முழங்கால் மாற்றில் நூற்றுக்கு 82 இருபத்தைந்து வருடம் நிற்கின்றன என்று 2019 தொகுப்பு சொல்கிறது. இந்தியாவில் செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் அரசு உச்சவரம்பு வைத்த பிறகு செலவும் இறங்கியிருக்கிறது. ஐந்தில் ஒருவருக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் ஓரளவு வலி தங்குவதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போக வேண்டும். தரையில் சம்மணம் போடுவதும், குத்தவைப்பதும் பலருக்குத் திரும்பாது. எனவே தேதி குறிப்பதற்கு முன்பே வீட்டில் வெஸ்டர்ன் கழிப்பறையும் பக்கத்தில் ஒரு கைப்பிடியும் போட்டுவிடுங்கள்.